பெட்டியில் மிச்சமிருக்கும் இடம்

2023 ஜூன் 11, ஞாயிறு

பூசை முடிந்து வந்து விளையாட்டுப் பெட்டியைப் போட்டால் பழைய பல்லவிதான். இடம் போதாது. தம்பி எமிலின் உதைபந்தாட்ட விளையாட்டுக்கு ஏதோ புதுப்பிப்பு வந்திருக்கிறதாம், அதற்கு ஒன்பது ஜிபி வேண்டுமாம். மிச்சம் இருப்பது ஆறு.

"அக்கா, உன்ரை பண்ணையைத் தூக்குவமே?" என்றான்.

"தூக்கிப் பார். உன்னையும் சேர்த்துத் தூக்கிக் கடலிலை போடுவன்."

என் பண்ணை விளையாட்டு மொத்தமே ஏழு ஜிபி. அவனுடைய துவக்குச் சண்டை தொண்ணூற்றெட்டு. இருந்தாலும் இடம் இல்லையென்றதும் அவன் கண் என் பண்ணையில்தான் விழும்.

பிழை எங்களுடையதில்லை, பெட்டியினுடையதும் இல்லை. வயது போன பெட்டி. 2018இல் மேர்சி மாமி கனடாவிலிருந்து அனுப்பியது, அவருடைய மகள் லவீனா விளையாடி அலுத்துப்போன பிளேஸ்ரேசன். வெளியே ஐந்நூறு ஜிபி என்று இருக்கும், தன் சொந்தச் செலவுக்கு எடுத்தது போக எங்களுக்கு விடுவது நானூற்றேழு. இப்போது வருகிற விளையாட்டுகள் ஒவ்வொன்றும் யானைக் குட்டி. ஒன்றை உள்ளே விட இன்னொன்றை வெளியே விட வேண்டும். வெளியே விட்டதைத் திரும்ப இறக்குவதானால் மலிவான இரவு டேற்றாவில் இரண்டு மூன்று கிழமை போகும். அதனால்தான் சீ.ஆர். கொப்பி ஒன்று போட்டு, எந்த விளையாட்டு எத்தனை ஜிபி, யாருடையது என்று எழுதி வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் எமிலின் கோணல் எழுத்தில் ஒரே ஒரு சட்டம்: மற்ற ஆளைக் கேக்காமல் ஒண்டும் அழிக்கிறேல்லை. கீழே இரண்டு பேரின் கையெழுத்து. ஐந்து வருடமாக ஒருநாளும் மீறவில்லை.

இன்றைக்கு இரண்டு பேரும் "ஓம்" சொல்லி ஒரு கார் ஓட்டத்தை அழித்தோம். முப்பத்தொரு வயதில் மருந்துக்கடையில் நின்று உழைக்கிற பெண்ணும், இருபத்தேழு வயதில் போட் எஞ்சின் திருத்துகிற பெடியனும் செய்கிற வேலையா இது என்று அம்மா குசினிக்குள் நின்று மாதாவிடம் முறையிட்டார்.

ஜூன் 12, திங்கள்

புதுப்பிப்பு ஏறிவிட்டது. எமில் மூன்று கோல் வாங்கித் தோற்றான். நல்லது.

ஜூன் 18, ஞாயிறு

இன்று தேடிக் கண்டுபிடித்த புதையல்: பெட்டி தானாகப் பிடித்து வைத்திருக்கிற வீடியோக்கள், இருபத்துமூன்று ஜிபி! எமிலின் பெருவிரல் நிற்காத விரல், விளையாடும்போது பதிவுப் பொத்தானை அமத்திக்கொண்டே இருந்திருக்கிறான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து அழித்தோம். ஒவ்வொரு தடவையும் பெட்டி கேட்கும்: நிச்சயமா? ஓம், நிச்சயம்.

ஒன்றில் மட்டும் குரல் இருந்தது. காதில் மாட்டுகிற மைக்கைப் போட்டுக்கொண்டு விளையாடிய நாள் போல. பின்னால் அம்மா கத்துகிறார்: "எமில், மீன் கருகுது, இறக்கடா!" இவன் எங்கேயோ இருக்கிற எவனோடோ இங்கிலீசில் மன்னிப்புக் கேட்கிறான். பிறகு சட்டி விழுகிற சத்தம். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

"உந்த வீடியோவை மட்டும் வை அக்கா" என்றான்.

வைத்தேன். அவனுடைய பெயருக்குள்தான் இருக்கிறது. பெட்டியைப் போட்டவுடன் "யார்?" என்று கேட்டு இரண்டு பெயர் காட்டும், எமில், கிறிஸ்ரி. என் பெயரை 2020 ஊரடங்குக் காலத்தில்தான் சேர்த்தோம். பண்ணையை அதற்கு முன்னரே தொடங்கியபடியால் அதுவும் எமிலின் பெயருக்குள்தான். அவன் அதைத் தொட்டே இரண்டு வருடம் இருக்கும். நான்தான் தினமும் எமில் என்று அமத்தி உள்ளே போய்த் தண்ணீர் விடுகிறேன்.

ஜூலை 2, ஞாயிறு

அதிசயம். எமில் தானாகவே வந்து "உதைபந்தாட்டத்தை அழிக்கட்டே?" என்று கேட்டான். அவனுக்கு அது உயிர்.

"ஏன்டா?"

"அலுத்துப் போச்சு. உனக்கு ஏதும் இறக்கிறதெண்டால் இறக்கன்."

நாற்பத்தெட்டு ஜிபி! கொப்பியில் தானே கோடு போட்டு வெட்டினான். இவனுக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது, அக்கா என்று ஒருத்தி இருப்பது கண்ணில் பட்டிருக்கிறது என்று சந்தோசப்பட்டுக்கொண்டு, மத்தியானம் கோழிக்காலை அவனுடைய சோற்றுக் கோப்பையில் வைத்தேன். அவன் அதைத் திருப்பி என் கோப்பையில் வைத்தான்.

ஜூலை 8, சனி

பெட்டி இன்று இரண்டு தரம் உறைந்து நின்றுவிட்டது. பண்ணைக்கு ஏதாவது நடந்தால்?

நாங்கள் கடற்கரை ஆட்கள். குருநகரில் எங்களுக்கு வீடு இருக்கிறது, வலை இருக்கிறது, அப்பா ஓடிய போட் இருக்கிறது. தோட்டக்காணி என்று ஒரு பரப்பும் கிடையாது. பெட்டிக்குள் பதினாறு பரப்பு. ஐந்து வருடம். கிணறு தோண்டி, வேலி அடைத்து, மூன்று மாடு வாங்கி, ஒவ்வொரு துண்டாகச் சேர்த்தது. அந்த விளையாட்டில் வாழை கிடையாது. சோளம்தான். அதை நானும் எமிலும் வாழை என்று வைத்துக்கொண்டு, அந்தத் துண்டுக்கு வாழைக்குப் பேர்போன ஊரான நீர்வேலியின் பெயரையும் போட்டோம். முழங்கால் பிடித்து அப்பா தொழிலுக்குப் போவதை விட்ட பிறகு அவரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார். "நீர்வேலியிலை குலை போட்டிட்டுதே?" என்று கேட்பார். சோளம் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் குலை என்றுதான் கேட்பார்.

எமிலின் மேசை லாச்சிக்குள் ஒரு பென் டிரைவ் கிடந்தது. அதில் பண்ணையின் பிரதி ஒன்று எடுத்து வைக்கலாம் என்று பெட்டியில் செருகினேன். அதிலும் இடம் இல்லையாம். இந்த வீட்டில் எதில்தான் இடம் இருக்கிறது? திங்கட்கிழமை கடைக் கொம்பியூட்டரில் போட்டு, அவன் அடைத்து வைத்திருக்கிற படங்களைத் தூக்க வேண்டும். கேட்டுவிட்டுத்தான். அவன் நெடுந்தீவுக்கு எஞ்சின் பார்க்கப் போய்விட்டான், வரட்டும்.

ஜூலை 10, திங்கள்

எழுத வேண்டுமா?

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம், என்ன கிடக்கிறதென்று பார்க்க மட்டும் பென் டிரைவைப் போட்டேன். படங்கள் ஏழெட்டு. அவற்றுக்கிடையில் ஒரு கோப்புறை, லவீனா வெடிங் என்று பெயர். அவளுக்குச் செப்டெம்பரில் கலியாணம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இங்கிருந்து ஒருத்தரும் போக முடியாது, விசா கிடையாது என்று மேர்சி மாமியே சொல்லியிருந்தார். அழைப்பிதழாக இருக்கும், வடிவாய் இருக்கும் என்றுதான் திறந்தேன்.

அழைப்புக் கடிதம். எமில்ராஜ் சிமியோன் ஒருவருக்கு மட்டும். வெள்ளைச் சட்டை போட்டு, சிரிக்காமல் எடுத்த படம். எஞ்சின் கடை முதலாளியின் கடிதம். அப்பாவும் அம்மாவும் கையெழுத்து வைத்த கடிதம், ஏப்ரல் 24. ஏப்ரல்! பிறகு விசா விண்ணப்பம். அதில் குடும்பத்தில் யார் யார் என்று ஒரு பக்கம். அங்கே என் பெயர். கிறிஸ்ரினா, சகோதரி, வயது 31, மருந்தக உதவியாளர், திருமணமாகாதவர்.

என்னைப் பற்றிக் கனடா அரசாங்கத்துக்குச் சொல்லியிருக்கிறான். அவனைப் பற்றி எனக்குத்தான் சொல்லவில்லை.

பென் டிரைவைக் கழற்றி, கொண்டுவந்து, லாச்சியில் எப்படிக் கிடந்ததோ அப்படியே வைத்துவிட்டேன். பண்ணைக்குப் பிரதி எடுக்கவில்லை. கை வரவில்லை.

ஜூலை 11, செவ்வாய்

எமிலும் அப்பாவும் நானும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம், அம்மா பரிமாறினார். பாரைமீன் குழம்பு. கனடாக் கதையை யாரும் எடுக்கவில்லை. நானும்தான்.

ஜூலை 16, ஞாயிறு

எனக்குத் தெரியும் ஏன் என்று. அதுதான் கூடச் சுடுகிறது.

2019இல் பெரியம்மாவின் மகன் கீர்த்திகன் லண்டனுக்குப் படிக்கப் போக எழுதிப்போட்டிருந்தான். நான் கடையில் என்னோடு வேலை செய்கிற கொக்குவில் நிவேதனாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வாய் தவறிக்கூட இல்லை, சந்தோசத்தில் சொன்னேன். பதினைந்தாம் நாள் விசா மறுத்து வந்தது. அவனுடைய வங்கிக் கடிதத்தில் பிழை என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆனாலும் பெரியம்மா எங்கள் வாசலில் நின்று, "கிறிஸ்ரியின்ரை நாவூறுதான் என்ரை பிள்ளையை விழுத்தினது" என்று அழுதார். கண்ணூறு போல நாவூறும் காரியத்தைக் கெடுக்குமாம், அதனால் வெளிநாடு போகிற கதையைப் பிள்ளை போய் இறங்கும்வரை வெளியே விடக்கூடாது. இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரன் எங்கே என்று கேட்டால் கொழும்பு என்பார்கள், மூன்று நாள் கழித்து ரொறன்ரோவில் பனியில் நிற்கிற படம் வரும். அது சரி. பக்கத்து வீட்டுக்குச் சொல்லாதே. நான் பக்கத்து வீடா?

அன்றைக்குப் பெரியம்மாவோடு மல்லுக்கட்டினவன் எமில்தான். "அக்கா ஆரிட்டையும் சொன்னால் சொல்லட்டும், நாவிலை என்ன நஞ்சே கிடக்கு?" என்று கேட்டான். அவனே இன்று என் நாவுக்குப் பயந்து ஒளிக்கிறான்.

சரி. சொல்ல ஒரு சந்தர்ப்பம் கொடுப்போம். தானாகவே சொல்லுவான். ஐந்து வருடத்தில் ஒரு கார் ஓட்டத்தைக்கூட என்னைக் கேட்காமல் அழிக்காதவன்.

ஜூலை 25, செவ்வாய்

யாகப்பர் கோவில் திருநாள். கூட்டத்தில் அவன் பக்கத்தில் நின்றேன். வேண்டுமென்றே கேட்டேன்:

"லவீனாவின்ரை கலியாணத்துக்கு ஆராவது போனால் வடிவாய் இருக்கும், என்னடா?"

"ஓம். ஆர் போறது?" என்றான். யாகப்பரின் சுருவத்தை, அந்தச் சிலையைப் பார்த்துக்கொண்டு.

கோவில் வாசலில். திருநாள் அன்று. என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

எமில் இரண்டு நாள் கொழும்பில். எஞ்சின் சாமான் வாங்கவாம். விசாவுக்கு விரலடையாளம் கொடுக்க என்று எனக்குத் தெரியும்.

கடையில் நிவேதனா கேட்டாள், "என்னடி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? வீட்டிலை ஏதும்?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு சொல் போதும். அவள் அதைத் தன் வீட்டுக்காரர் சுபாங்கனுக்குச் சொல்லுவாள், அவர் திருநெல்வேலிச் சந்தையில் சொல்லுவார், இரண்டு நாளில் குருநகருக்கு வந்து சேரும். நாவூறு என்றீர்களே, இந்தாருங்கள் நாவூறு. அப்படிச் செய்ய மனம் கிடந்து துடித்தது என்று எழுதி வைக்கிறேன், நான் ஒன்றும் புனிதை இல்லை.

"பல்லுக் கொதி" என்றேன். அவள் நோவுக்கு இரண்டு குளிசை எடுத்துத் தந்தாள். கொதி இல்லாத பல்லுக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மடு மாதா கோவில். வெயில். சனம். அம்மா முழங்காலில் நின்று நெடுநேரம் மன்றாடினார். எதற்கு என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

திரும்பி வரும் வழியில் வான் வண்டிக்குள் அப்பா என் பக்கத்தில் இருந்தார். மாங்குளம் தாண்டியதும் மெல்லக் கேட்டார், "பிள்ளை, தனிய இருந்தால் உனக்கு அந்தப் பெட்டி பொழுது போக்குமே?"

"ஏன் தனிய?"

அப்பா என்னைப் பார்த்தார், முன் சீற்றில் இருந்த அம்மாவின் பிடரியைப் பார்த்தார். "சும்மா. நீர்வேலியிலை குலை போட்டிட்டுதே எண்டு கேட்டனான்" என்றார்.

அப்பா மட்டும் சொல்லப் பார்த்தார். இதை மறக்கக் கூடாது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

துவக்குச் சண்டையையும் அழிக்கப் போகிறானாம். தொண்ணூற்றெட்டு ஜிபி. சட்டப்படி கேட்டான், கொப்பியில் சட்டப்படி வெட்டினான். விளையாட்டை அழிக்க அக்காவின் அனுமதி வேண்டும் இவனுக்கு.

"இதுவும் அலுத்துப் போச்சே?"

"ஓம் அக்கா."

"வேறை என்னென்ன அலுத்தது?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

செப்டெம்பர் 5, செவ்வாய்

இன்று காலை ரயிலுக்குப் போய்விட்டான். ஒரு தோள்பை மட்டும். பெரிய பெட்டியை முன்னமே யாரோடோ கொழும்புக்கு அனுப்பியாயிற்று போல. அவனுடைய அலுமாரியை நான் நேற்றே திறந்து பார்த்தேன், நல்ல சட்டை ஒன்றும் இல்லை.

இடியப்பமும் சம்பலும் பொதி கட்டிக் கொடுத்தேன். அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. அப்பா சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தார், விட்ட செயினுக்கே திரும்பத் திரும்ப.

"ரெண்டு நாள்தான் அக்கா. எஞ்சின் சாமான். போட்டு வாறன்."

வாசல் படலைவரை கூடப் போனேன். கடைசிச் சந்தர்ப்பம். "ஏதும் சொல்ல மறந்திட்டியோ?" என்று கேட்டேன்.

நின்றான். பையை மற்றத் தோளுக்கு மாற்றினான். சொல்லு, சொல்லு, சொல்லடா.

"இல்லையே... ஓம். பெட்டியிலை உனக்கு வடிவாய் இடம் விட்டிருக்கிறன். வேணுமானதை இறக்கு."

"வடிவாய்ப் போட்டு வா" என்றேன். ஓட்டோ ஒழுங்கையால் திரும்பும்வரை நின்றேன். இவ்வளவு நடிப்பு எனக்குள் இருக்கிறதென்று இன்றுதான் தெரியும்.

செப்டெம்பர் 7, வியாழன்

இறங்கிவிட்டான்.

காலையில் போன் வந்தது. அம்மா மாதா படத்துக்கு முன்னால் விழுந்து அழுது, எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். "பிள்ளை, உனக்கொரு கதை சொல்லவேணும். குறை நினைக்காதை. தம்பி கனடா போயிட்டான்."

"தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்?"

"எல்லாம். ஜூலை பத்தாம் தேதியிலை இருந்து."

அம்மா கையை விட்டுவிட்டார். என்னைப் பார்த்தார், வீட்டுக்குள் புதிதாக யாரோ வந்து நிற்பது மாதிரி. "தெரிஞ்சோ ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்தனீ?"

இதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன், முடிந்திருக்கும். அவருக்கு வந்தது ஆச்சரியம்! பெற்ற தாய்க்கு, முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தவளைப் பற்றி.

"ஓம் அம்மா, சொல்லேல்லை. என்ரை நாவிலை ஒண்டும் இல்லையெண்டு இப்ப விளங்குதே? இன்னும் நாலு வருசம் காத்திருந்து பாக்கப்போறியளோ?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும், இனிக் கேட்கலாம்தானே, இறங்கிவிட்டானே.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

செப்டெம்பர் 9, சனி

எமில் போன நாளிலிருந்து பெட்டியைத் தொடவில்லை. இன்று போட்டேன்.

"யார்?" என்று கேட்டது. ஒரு பெயர்தான் காட்டியது. கிறிஸ்ரி.

எமில் இல்லை. தன்னுடைய பெயரையே அழித்துவிட்டுப் போயிருக்கிறான். பெயரை அழித்தால் அதற்குள் சேமித்த எல்லாமும் போகும். மிச்சம் இருநூற்றுப் பதினொரு ஜிபி.

பண்ணை விளையாட்டு அப்படியே இருக்கிறது. என் பெயரால் உள்ளே போனால் வெறும் நிலம், ஒரு குடில், கையில் ஒரு மண்வெட்டி. புதிய ஆளுக்கு வணக்கம் என்கிறது. கிணறு இல்லை. மாடு இல்லை. நீர்வேலி இல்லை. மீன் கருகின வீடியோவும் இல்லை.

அமைப்புகளுக்குள் எல்லாம் தேடினேன். எல்லா இடமும் இரண்டு தரம். பிறகு நிலத்தில் இருந்துகொண்டேன்.

பின்னால் அப்பா கதிரையோடு வந்து நின்றது தெரியாது. திரையைப் பார்த்தார். "உது என்ன, வெறும் தரவையாய்க் கிடக்கு?" என்றார். அவர் கதிரையைத் திரும்பவும் சுவரோரம் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

செப்டெம்பர் 10, ஞாயிறு

எமில் வீடியோவில் போன் எடுத்தான். முகம் வீங்கிக் கிடந்தது, நித்திரை இல்லை போல. பின்னால் லவீனாவின் வீட்டுக் கலியாண வேலைச் சத்தம்.

"அக்கா, கோவமே?"

"பண்ணை எங்கை?"

"என்ன பண்ணை?"

"உன்ரை பேரை அழிச்சனீ. பண்ணை அதுக்குள்ளைதான் இருந்தது."

வாயைத் திறந்தான், மூடினான். "இல்லை அக்கா, அது உன்ரை பேருக்குள்ளை எல்லோ? நீதானே எந்தநாளும் விளையாடுறனீ... உண்ணாணை எனக்குத் தெரியாது. உனக்கு இடம் வரட்டும் எண்டுதான், போறதுக்கு முதல் என்ரை குப்பையெல்லாத்தையும்..." அழத் தொடங்கிவிட்டான்.

அவன் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் அவன் முகம்.

"ஒரு சொல்லு கேட்டிருக்கலாமே? அக்கா, பண்ணை ஆரின்ரை பேரிலை கிடக்கு எண்டு? அவ்வளவுதானே?"

"கேட்டால், ஏன் கேக்கிறாய் எண்டு நீ கேப்பாய். உன்னட்டை எனக்குப் பொய் சொல்ல வராது."

"ஏப்ரலிலை இருந்து பொய் வந்ததுதானே" என்றேன்.

கன்னத்தை முன்கையால் துடைத்தான். பிறகு மெல்ல, "அம்மா சத்தியம் வாங்கினவ அக்கா" என்றான். பிறகு, "உனக்குத் தெரிஞ்சும் நீ ஏன் என்னைக் கேக்கேல்லை?"

நீ சொல்லுவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

செப்டெம்பர் 11, திங்கள்

பென் டிரைவில் அன்றைக்குப் பிரதி எடுத்திருந்தால் என்று இன்று முழுக்க யோசனை. வந்தவருக்கு இருமல் மருந்துக்குப் பதிலாக வயிற்றோட்ட மருந்தை எடுத்து நீட்டினேன். நல்லகாலம், நிவேதனா கண்டுவிட்டாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

எமில் ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறான். லவீனாவின் வீட்டில் புதிய பெட்டி இருக்கிறதாம், இடம் இரண்டு மடங்காம். "நீ அங்கை புதுசா ஒரு பண்ணை துவங்கு, நான் இஞ்சை இருந்து உள்ளுக்கு வாறன். ரெண்டு பேரும் சேந்து கிணறு தோண்டுவம்" என்கிறான். விசிற் விசாவில் போனவன் திரும்பி வருகிற கதையை இப்போது ஒருத்தரும் எடுப்பதில்லை. அங்கே ஒரு வக்கீலைப் பார்த்தானாம். அதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"பாப்பம்" என்றேன்.

துவங்கிப் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. ஒரு வரி சோளம் நட்டேன். அப்பா கதிரையோடு வரவில்லை. நிறுத்திவிட்டேன்.

நவம்பர் 18, சனி

நிவேதனாவின் சுபாங்கன் மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் முறிந்து ஒரு மாதமாகக் கட்டிலில். பொழுது போகவில்லையென்று அவளைப் போட்டுப் பிய்க்கிறாராம். "பெட்டியைக் கொண்டுபோ" என்றேன்.

"எத்தினை நாளைக்கடி?"

"வைச்சிரு."

கொடுக்க முன்னர் பெட்டியை முழுதாகத் துடைத்தேன். எல்லாவற்றையும் அழிக்கிற அந்தக் கடைசிப் பொத்தான் இருக்கிறதே, அதை அமத்தியதும் வழமைபோலக் கேட்டது: நிச்சயமா? அழிக்க முன்னர் அது எப்போதும் கேட்கும். அதற்காக அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு.

கொப்பியை எடுத்தேன். மற்ற ஆளைக் கேக்காமல் ஒண்டும் அழிக்கிறேல்லை. என் கையெழுத்து. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அமத்தினேன்.

எமிலைக் கேட்கவில்லை.

டிசம்பர் 17, ஞாயிறு

அம்மா இன்று பாலன் குடில் கட்டினார். தொலைக்காட்சிக்குக் கீழே, பெட்டி இருந்த தட்டில். வழமையாக மேசையில்தான் வைப்பார், "உதிலை இடம் சும்மாதானே கிடக்கு" என்றார். வைக்கோல், கடதாசி மலை, சூசையப்பர், மாதா, இடையர்கள், ஆடுகள். தட்டு அகலம் போதவில்லை. மூன்று இராசாக்களும் ஒட்டகமும் நின்ற பிறகு ஓர் ஆடு அந்தரத்தில்.

"கிறிஸ்ரி, இடம் காணாது. எதை எடுக்க?" என்று குசினிப்பக்கம் பார்த்துக் கேட்டார்.

கேட்டார். இப்போதெல்லாம் எல்லாவற்றையும் கேட்கிறார். மீன் பொரிக்கவா, குழம்பா என்று கேட்கிறார். போன கிழமை பெரியம்மா வந்து, கீர்த்திகன் மாசியில் அவுஸ்திரேலியா போகிறானாம், ஒருத்தருக்கும் தெரியாது, உன்னிடம் மட்டும்தான் சொல்லுகிறேன் என்று என் காதுக்குள் சொல்லிவிட்டுப் போனார். நல்லது என்றேன். எனக்கு ஒரு சந்தோசமும் வரவில்லை.

"ஒட்டகத்தை எடுங்கோ, ஆடு நிக்கட்டும்" என்றேன்.

பின்னேரம் எமில் எடுத்தான், வீடியோவில். தடித்த குளிர்ச்சட்டை, தாடி. மெலிந்திருக்கிறான். அம்மா குடிலைக் காட்டப் போனைத் திருப்பப் பார்த்தார், நான் வாங்கிக்கொண்டு, அந்தத் தட்டு அவனுக்குத் தெரியாதபடி சுவர்ப்பக்கமாகப் போய் நின்றேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நத்தார் லீவுக்கு ரெண்டு பேரும் பண்ணை துவங்குவம் என்ன? பெட்டி எப்பிடி, வேலை செய்யுதே?"

"ஓம், அப்பிடியே இருக்கு."

அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். திருநாளன்று அவன் பார்த்ததுபோல நான் சுருவத்தைப் பார்க்கவில்லை.

"இடம் கிடக்கே? எவ்வளவு மிச்சம்?"

"நிறைய இடம் இருக்கடா" என்றேன்.